மைக்ரோகாஸ்ட்ரினே: துணைக்குடும்பம் எளிது, சிற்றினம் கடினம்

பிரக்கோனிடே குடும்பத்தின் ஒட்டுண்ணிக் குளவிகளுள் மைக்ரோகாஸ்ட்ரினே அளவுக்கு எளிதில் அடையாளம் தெரியும் துணைக்குடும்பம் அரிது என்பேன். ஆணாயினும் பெண்ணாயினும் உணர்கொம்பில் 18 கணுக்களே இருக்கும். எண்ணும்போது மட்டும் நிதானம் வேண்டும். பெரும்பாலான கணுக்களில் உணர்தட்டுகள் இரு வரிசைகளாக அமைந்திருப்பதால், அவற்றுக்கு நடுவே தெரியும் இடுக்கு ஒரே கணுவை இரண்டாகக் காட்டிவிடும். முன்னிறகின் நுனிப்பக்கத்தில் நரம்புகள் மங்கி மறைந்திருப்பதையும் பார்த்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

சிக்கல் பேரினத்தில் தொடங்குகிறது. முன்னிறகில் நரம்புகள் சூழ்ந்த சிறிய கட்டம் திறந்திருந்தால் அந்தக் குளவியை அப்பான்டிலஸ் என்ற பேரினத்தில் சேர்த்துவிடும் வழக்கமே நெடுங்காலம் நிலவியது. அந்தக் கட்டத்தை மூடும் குறுக்கு நரம்பு வெவ்வேறு பரம்பரைகளில் தனித்தனியே மறைந்திருக்கிறது என்பதை 1981இல் பூச்சியியலாளர் வில்லியம் மேசன் எடுத்துக்காட்டி, அப்பான்டிலஸ் என்ற பெருமூட்டையை அவிழ்த்துப் பல பேரினங்களாகப் பிரித்தார். கோட்டீசியா தனிப் பேரினமாக மீண்டும் வழக்குக்கு வந்தது அப்போதுதான்.

இன்று பெண் குளவி கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது வயிற்றின் நுனியைத்தான். அப்பான்டிலஸில் வயிற்றின் அடிப்புறத்துக் கடைசித் தகடு மெல்லிய மடிப்புகளுடன் விரியத்தக்கதாகவும், முட்டையிடும் உறுப்பு நீண்டும் இருக்கும். இக்குளவிகள் அந்துப்பூச்சி, பட்டாம்பூச்சிப் புழுக்களுக்குள் முட்டையிடுபவை; சுருட்டிய இலைக்குள் ஒளிந்திருக்கும் புழுவை எட்டுவதற்கு அந்த நீளம் உதவுகிறது. கோட்டீசியாவிலோ தகடு மடிப்பின்றி ஒரே சீராகக் கெட்டிப்பட்டிருக்கும், முட்டையிடும் உறுப்பும் குட்டையானது. ஆண் மட்டுமே கிடைத்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

சிற்றினம் வரை போக, கண்ணால் காணும் பண்புகள் பல வேளைகளில் போதுவதில்லை. கோஸ்டாரிக்காவின் குவனகாஸ்ட்டே பாதுகாப்புப் பகுதியில் புழுக்களை வளர்த்துப் பெற்ற குளவிகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், உருவத்தை வைத்து 171 சிற்றினங்களாகக் கணிக்கப்பட்டவை, டிஎன்ஏ பட்டைக்குறியீட்டையும் (ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டைக் கொண்டு சிற்றினங்களைப் பிரித்தறியும் முறை), எந்தக் குளவி எந்தப் புழுவிலிருந்து வந்தது என்ற பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது 313 ஆயின. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வகைப் புழுக்களை மட்டுமே தாக்குபவை.

ஆகவே வலையில் சிக்கிய குளவியைவிட, வளர்த்த புழுவிலிருந்து வெளிவந்த குளவியையே நான் மதிக்கிறேன். புழுவின் பெயர், அது தின்ற செடி, குளவிகள் பின்னிய கூடுகள் தனித்தனியா கொத்தா என்ற குறிப்பு ஆகியவற்றை அன்றே எழுதிவைப்பதும், குளவியை 95 சதவீத எத்தனாலில் இடுவதும், வெற்றுக்கூட்டை எறியாமல் உடன் வைப்பதும் பின்னால் சிற்றினத்தைத் தீர்மானிப்பவருக்குப் பயன்படும்.