பூமத்திய ரேகையின் ஓரத்தில் மூன்று மாதங்கள்

கென்யாவின் அந்தக் குழந்தைகள் இல்லத்துக்கு வந்து சேர்ந்த அன்று மாலையே அதன் மூத்த அம்மா என்னைத் தனியே அழைத்து உட்கார வைத்தார். பால் மணக்கும் தேநீரை என் கையில் கொடுத்துவிட்டு, "டீச்சர், நீங்கள் பிள்ளைகளோடு பாடலாம், விளையாடலாம். ஆனால் மூன்று மாதத்தில் ஊருக்குப் போய்விடுவீர்கள். உங்களைத் தேட வைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள்" என்றார். அவர் பேசியது ஆங்கிலத்தில்தான். எனக்கோ அது திருநெல்வேலித் தமிழிலேயே கேட்டது. தாய் வெளியூர் போனால் 'பிள்ளை தேடிவிடும்' என்போமே, அந்தத் தேட்டத்தைத்தான் அவர் சொன்னார். அங்கே இருந்த நாளெல்லாம் அந்த ஒரு சொல்லை நினைத்தே நடந்துகொண்டேன்.

பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகு, சபையில் தெரிந்த ஒருவர் வழியாக இந்த வாய்ப்பு வந்தது. மேற்குக் கென்யாவில், கிசுமு நகரத்திலிருந்து மசேனோ போகும் பக்கமாக, மேட்டில் அமைந்த ஒரு கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லம். காவல் துறையின் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்கள். பிள்ளைகளின் படத்தையோ பெயரையோ எங்கும் வெளியிடமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் பெயர்களும் முகங்களும் இருக்காது. இல்லத்தின் பெயரையும் எழுதவில்லை.

நைரோபியிலிருந்து கிசுமுவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் பஸ்ஸில் போனேன். ஒரு பகல் முழுக்கப் போகிற பயணம் அது. மலைச்சரிவின் விளிம்பில் ரிஃப்ட் பள்ளத்தாக்கு சட்டென்று கீழே விரியும். நகுருவைத் தாண்டினால் கெரிச்சோ. அங்கே சாலையின் இருபுறமும் வாரிவிட்டதுபோல் தேயிலை. நம் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு அந்தப் பச்சை புதிதல்ல. பிறகு குளிர் குறைந்து, வெக்கை ஏறி, விக்டோரியா ஏரி தெரியும்.

இந்தக் கிசுமுவுக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. மொம்பாசாவிலிருந்து போட்ட உகாண்டா ரயில்பாதை 1901-ல் வந்து முடிந்த இடம் இது. அதற்காக இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, 30,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். சுமார் 2,500 பேர் வேலையிலேயே இறந்துபோனார்கள். 'சாய்', 'சப்பாத்தி' இரண்டும் இன்று கென்யர்களின் சொந்தச் சொற்களாகிவிட்டன. பக்கத்து மசேனோவில் 1906-ல் பள்ளி தொடங்கியவர்கள் சி.எம்.எஸ். என்ற சர்ச் மிஷனரி சங்கத்தின் மிஷனரிகள். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயரும் அதே சங்கத்தின் ஊழியர்தான். அந்தப் பெயரைக் கேட்டதும் அந்நிய ஊர் என்ற எண்ணம் பாதி போய்விட்டது.

இல்லத்தில் 38 பிள்ளைகள். நான்கு வீடுகள், வீட்டுக்கு ஓர் அம்மா. அதிகாலை ஐந்துக்கு மணி அடிக்கும். சுவாஹிலியில் அதைப் 'பதினோரு மணி' என்பார்கள். காலை ஏழுதான் அவர்களுக்கு ஒரு மணி. பூமத்திய ரேகை மசேனோ வழியாகவே போகிறது. ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கும் ஊரில் அப்படி எண்ணுவதே பொருத்தம். விடியலிலிருந்து நாழிகை எண்ணிய நமக்கு அதில் விளங்காதது ஒன்றும் இல்லை.

எழுந்ததும் படுக்கையை மடிப்பது, கொசுவலையைச் சுருட்டிக் கட்டுவது, குளிப்பது. மலேரியா மிகுந்த பகுதி என்பதால் வலை விஷயத்தில் அம்மாக்கள் கண்டிப்பானவர்கள். குளித்துவிட்டு வரும் பிள்ளைகள் வரிசையாக நின்று கை, கால், முகமெல்லாம் வாஸ்லின் தேய்த்துக்கொள்வார்கள். தோல் வெளிறித் தெரிந்தால் கவனிப்பாரற்ற பிள்ளை என்று பள்ளியில் நினைத்துவிடுவார்களாம். பெரிய பெண் ஒருத்தி, சின்னவனின் முழங்கைச் சொரசொரப்பில் மட்டும் இரண்டாம் முறை அழுத்தித் தேய்ப்பாள். தலையில் எண்ணெய் வழியப் பள்ளிக்கு அனுப்பிய என் அம்மாவின் கையை அங்கே கண்டேன்.

காலை உணவு ஊஜி. கேழ்வரகுக் கூழேதான், கொஞ்சம் சர்க்கரை சேர்த்தது. கேழ்வரகு முதலில் பயிரானதே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில்தான். அங்கிருந்துதான் அது நம் நாட்டுக்கு வந்தது. நம் கூழின் தாய்வீட்டில் நின்று அதைக் குடிக்கிறேன் என்ற நினைப்பு ஒவ்வொரு காலையும் எனக்கு வந்தது.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் என் வேலை தொடங்கும். மூத்த அம்மா சொன்னதை யோசித்து, சமையலறையையும் துணி துவைக்கும் இடத்தையும் எனக்குக் கொடுங்கள் என்று நானே கேட்டுக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளோடு இருக்கவே ஆசைப்படுகிறார்கள். ஆனால் வீட்டு அம்மாவுக்கு விறகும் தண்ணீரும் துணியும் போக மிஞ்சுகிற நேரம் மிகக் குறைவு. அவருடைய ஒரு மணி நேர வேலையை நான் எடுத்துக்கொண்டால், அந்த ஒரு மணி நேரம் பிள்ளைக்குப் போகும், அதுவும் என்றும் கூட இருக்கப்போகிறவரிடமிருந்து. மூன்று மாதத்தில் நான் செய்ததில் உருப்படியானது இதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

மழைநீர்த் தொட்டியிலிருந்து 20 லிட்டர் கேன்களில் தண்ணீர் சுமப்போம். பள்ளிச் சீருடையின் கம்பளிச் சட்டைகள் நனைந்தால் கல்லாய்க் கனக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று முறுக்கிப் பிழிய வேண்டும். இஸ்திரிப் பெட்டியில் கரிதான். மதியத்துக்கு மக்காச்சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்த கிதேரி. அதற்காகப் பயற்றில் கல் பொறுக்குவதும் சுளகில் புடைப்பதும் என் பங்கு. சுளகு அங்கும் கிட்டத்தட்ட நம் சுளகின் வடிவம்தான். நான் புடைப்பதைப் பார்த்த சமையல்கார அக்கா ஒன்றும் சொல்லாமல் அடுத்த மூட்டையையும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இரவுக்கு உகாலி. வெள்ளை மக்காச்சோளமாவுக் களி. 38 பிள்ளைகளுக்குக் களி கிண்டுவதைப் பார்த்தால்தான் தெரியும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டிவிட்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, முதுகை வளைத்து, அடியிலிருந்து புரட்டிப் புரட்டி எடுப்பார் அந்த அக்கா. மாவு இறுக இறுக மூச்சு சத்தமாகக் கேட்கும். அந்தத் துடுப்புக்குச் சுவாஹிலியில் 'ம்விகோ' என்று பெயர். விலக்கப்பட்ட செயலுக்கும் அதே சொல்தானாம். உகாலியோடு சுகுமா விகி என்ற கீரை. 'வாரத்தைத் தள்ளு' என்று பொருள். கையில் காசு குறைந்தவர்கள் வார முடிவு வரை காலந்தள்ளும் கீரை என்பதால் வந்த பெயர். சில நாள் ஒமேனா இருக்கும், ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடிமீன். நெத்திலிக் கருவாடு பிடித்தவர்களுக்கு அது உடனே பிடித்துவிடும்.

இங்கே பெரும்பாலோர் லுவோ மக்கள். அவர்கள் பெயரே பிறந்த பொழுதைச் சொல்லிவிடும். காலையில் பிறந்த பெண் அகின்யி, இரவில் பிறந்தவள் அத்தியேனோ, ஆணானால் ஒத்தியேனோ. மழை பெய்தபோது பிறந்தவர்கள் அகோத், ஒகோத். எந்த நேரத்தில் பிறந்தாள் என்று யாருக்கும் தெரியாத சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளைக் கொண்டுவந்து சேர்த்தபோது வெளியே நல்ல மழையாம். அதையே பிறந்த நேரமாக வைத்து அவளுக்குப் பெயரிட்டிருந்தார்கள். மழை வரும்போதெல்லாம் மற்ற பிள்ளைகள் அவள் பெயரைச் சொல்லிக் கூவுவார்கள். அவள் வாசலில் வந்து நின்று, தன் விருந்தாளியை வரவேற்பதுபோல் மழையைப் பார்ப்பாள்.

இரவு உணவுக்கு முன் ஜெபம். ஒரு சிறுவன் மேளம் அடிப்பான், ஒருத்தி கயாம்பா என்ற கிலுக்குக் கருவியைக் குலுக்குவாள். பாட்டு லுவோ மொழியில் இருக்கும்; மெட்டு நம் ஞானப்பாட்டு மெட்டாக இருக்கும். அவர்கள் லுவோவில் பாடுவார்கள், நான் தமிழில் பாடுவேன், இரண்டும் ஒரே இடத்தில் வந்து ஆமென் சொல்லும். சிறுவயதிலிருந்து பாடிய பாட்டுகள்தான். ஆனால் அந்தத் தகரக் கூரைக்கடியில் பாடியபோது எனக்குக் கண் கலங்கியது. ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. காசில்லாதவர்கள் முட்டை, கோழி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று காணிக்கை கொண்டுவருவார்கள்; ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். எங்கள் பக்கத்து அறுப்பின் பண்டிகையில் நடப்பதும் இதுவே. வாங்கின கோழியைத் திரும்பவும் காணிக்கையாகவே கொடுத்து இரண்டாம் தடவை ஏலம் விட வைக்கும் பெரிய மனிதர் அங்கும் ஒருவர் இருந்தார்.

மாலை ஒரு மணி நேரம் மட்டும் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டு அம்மாவும் கூடவே உட்கார்ந்திருப்பார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கேட்டால்கூட வாய் திறக்கமாட்டான். கூட்டல் கணக்கை எழுதாமல் தாளின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டிருப்பான். ஒருநாள் துணிக்கொடிக்குக் கீழே, மண்ணில் இரண்டு வரிசைக் குழிகள் தோண்டி அவன் தனியே விளையாடுவதைப் பார்த்தேன். பல்லாங்குழி! லுவோ மக்கள் அதை அஜுவா என்கிறார்கள். எதிரே போய் உட்கார்ந்தேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கற்களை மட்டும் என் பக்கக் குழிகளிலும் நிரப்பினான். விதிகள் நம்முடையவை அல்ல. என் கை தப்பான குழிக்குப் போனால் மணிக்கட்டை மெல்லப் பிடித்துச் சரியான குழிக்கு நகர்த்துவான். எடுக்கும் முன்பே எந்தக் குழியில் போய் முடியும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கூட்டல் தெரியாத பிள்ளையா இவன்? நான்கு ஆட்டமும் அவனே ஜெயித்தான். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து, கல்லைப் போட்டுக்கொண்டே, "டானி" என்றான். பாட்டி.

அதை வீட்டு அம்மாவிடம் சொன்னேன். அவருக்கும் சமூகப் பணியாளருக்கும் அந்தப் பாட்டியை முன்பே தெரியும். சியாயா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறார். மகனும் மருமகளும் இறந்தபோது அவரே நோயில் கிடந்ததால் பேரன் இங்கே வந்திருக்கிறான். இப்போது உடம்பு தேறிவிட்டது. ஏற்கெனவே இரண்டு முறை போய்ப் பார்த்தாயிற்று.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அநாதை இல்லம் என்று நாம் சொல்கிறோமே தவிர, உலகம் முழுவதும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, நோய், பள்ளிச் செலவு இவைதான் பிரிக்கின்றன. ஐ.நா. 2009-லேயே குடும்பப் பராமரிப்புக்கே முதலிடம் என்று வழிகாட்டியது. கென்யாவும் 2022-ல் புதிய குழந்தைகள் சட்டம் கொண்டுவந்து, 2022 முதல் 2032 வரையான திட்டம் ஒன்றை வகுத்து, இல்லங்களிலிருந்து பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்ப முயல்கிறது. நல்லெண்ணத்தோடு கட்டில் வாங்கிக் கொடுக்கும் நம் சபைகளுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: அந்தப் பணம் ஒரு பாட்டியின் கூரைக்கும் ஒரு பையனின் பள்ளிக்கட்டணத்துக்கும் போகட்டும். போக இடமே இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள், மழையின் பெயர் கொண்ட அந்தச் சிறுமியைப்போல. அவர்களுக்கு இந்த அம்மாக்கள் வேண்டும். மற்றவர்களுக்கு அவரவர் வீடு வேண்டும்.

லுவோ மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. 'ஓத்' என்றால் தங்குகிற வீடு. 'டாலா' என்றால் சொந்த வீடு, முன்னோர் மண். நைரோபியில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அங்கே இருப்பது ஓத், டாலா கிராமத்தில்தான். நாம் 'சொந்த ஊர் எது?' என்று கேட்பதும் அதைத்தானே.

ஏப்ரல் விடுமுறையில் அவனை அனுப்ப ஏற்பாடானது. அதற்கு முன் ஈஸ்டர் வந்தது. சப்பாத்தி அங்கே பண்டிகைப் பலகாரம். முந்தின நாள் இரவு மாவை உருட்டி, தேய்த்து, எண்ணெய் தடவிச் சுருட்டி, மறுபடி தேய்த்து, நூற்றுக்கும் மேல் சுட்டோம். நம் பரோட்டாவுக்குப் பங்காளி. அவன் தன் பங்கில் இரண்டைத் தாளில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்தான். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, கெட்டுவிடும் என்று அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டு அம்மா அன்றிரவே அவனை மடியில் இருத்தி, போகிற அன்று புதிதாகச் சுட்டுத்தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். சொன்னபடி சுட்டும் கொடுத்தார்.

நானும் உடன் போக அனுமதி கிடைத்தது. மத்தத்து என்ற சிற்றுந்தில் ஒரு தூரம், பிறகு செம்மண் பாதையில் நடை. பெருக்கிச் சுத்தமாக வைத்த முற்றம். வேலியோரம் வாழை. வீட்டின் பக்கவாட்டில், சிமெண்டு பூசிய இரண்டு கல்லறைகள். லுவோ மக்கள் தங்கள் இறந்தவர்களை டாலாவில்தான் புதைப்பார்கள். பையன் அவற்றின் அருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. சமூகப் பணியாளர் தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். வீட்டு அம்மா, பள்ளிக்கட்டணம் எப்போது வரும், மாவு மூட்டை எப்போது வரும், அடுத்த மாதம் என்றைக்குத் தான் வந்து பார்ப்பார் என்றெல்லாம் பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பையன் திரும்பி வந்து பெட்டியைத் திறந்து சப்பாத்தியைப் பாட்டியின் கையில் கொடுத்தான். பிறகு வாழையடியில் குந்தி ஒரு குச்சியால் மண்ணைத் தோண்டத் தொடங்கினான். நான் போய் உட்காரவில்லை. இரண்டாவது வரிசைக்கு வந்தபோது பாட்டி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பில் சுற்றிய துணியை முழங்காலுக்கு இழுத்துவிட்டு, அவனுக்கு எதிரே மெல்லத் தரையில் அமர்ந்தார். சப்பாத்தியை மடியில் வைத்துக்கொண்டு, குழிகளை ஒரு பார்வை பார்த்து, லுவோவில் ஏதோ சொன்னார். பையன் வாய்விட்டுச் சிரித்தான். என்ன சொன்னார் என்று வீட்டு அம்மாவைக் கேட்டேன்.

"குழி ஆழம் போதாதாம்" என்றார் அவர்.