படபடப்பு இருக்கும்போதே எடுத்த இசிஜி

ஆறு வருடமாக எனக்கு வந்த படபடப்புக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். கேஸ், ரத்தசோகை, மனப்பதற்றம். துணி மடிக்கக் குனிந்து நிமிர்வேன். சுவிட்ச் போட்டதுபோல் நெஞ்சு அடிக்கத் தொடங்கும், கழுத்து துடிக்கும். இருபது நிமிடத்தில் சட்டென்று நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இசிஜி நார்மல். பதற்றத்தால் வரும் படபடப்பு பெரும்பாலும் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், எனக்கு வந்தது அப்படியில்லை என்று அப்போது எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

போன வருடம் ஒருநாள் ஒரு மணி நேரமாகியும் நிற்கவில்லை. தங்கை ஆட்டோவில் அழைத்துப் போனாள். அவசரப் பிரிவில் உடனே இசிஜி எடுத்தார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 190. அலைகள் குறுகலாக, சீராக இருந்தன. "எஸ்விடிம்மா, இதயத்தோட மேல் பக்கத்திலிருந்து வர்ற வேகத்துடிப்பு. பயப்படாதீங்க" என்றார் டூட்டி டாக்டர். இதயத்தின் கீழறையிலிருந்து கிளம்பும் வேகத்துடிப்பில் அலைகள் பெரும்பாலும் அகலமாக இருக்குமாம், அதுதான் உயிருக்கே ஆபத்தாகக் கூடியது. மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் தாளமே தாறுமாறாகிவிடும். ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம்.

10 மில்லி சிரிஞ்சில் 15 விநாடி ஊதச் சொல்லி, உடனே படுக்கவைத்துக் கால்களைத் தூக்கிப் பிடித்தார்கள். பலருக்கு இதிலேயே நின்றுவிடும். எனக்கு நிற்கவில்லை. அப்புறம் வேகத்துடிப்பை நிறுத்தும் அடினோசின் மருந்து, 6 மில்லிகிராம், ஒரே வேகத்தில் ஏற்றிப் பின்னாலேயே சலைன். "சில விநாடி உயிர் போற மாதிரி இருக்கும், என் கையைப் பிடிச்சுக்கோங்க" என்றார் நர்ஸ். அப்படியேதான் இருந்தது. முகம் தகித்தது, மூச்சு அடைத்தது, மானிட்டரில் கோடு நேராக ஓடியது. பிறகு 88. அந்த நர்ஸ் முன்கூட்டியே சொல்லாமல் விட்டிருந்தால் நான் பயத்திலேயே போயிருப்பேன்.

இசிஜி தாளில் கோடு நாளடைவில் மங்கிவிடும் என்று தங்கை அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைத்தாள். அதைப் பார்த்துத்தான் இதய மருத்துவர் வழி சொன்னார். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மின்துடிப்பைக் கடத்தும் ஏவி கணுவில் எனக்கு இரண்டு பாதைகள். ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. தப்பான நேரத்தில் வரும் ஒரு துடிப்பு ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறி வட்டமடிக்கத் தொடங்கிவிடுகிறது. மெதுவான பாதையைச் சூடுவைத்து அடைத்துவிடலாம், நூறில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் சரியாகிவிடும் என்றார். நூறில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ கணுவே பழுதாகி பேஸ்மேக்கர் வைக்க நேரலாம் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தேன்.

தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் வயர்களை விட்டார்கள். படபடப்பை அவர்களே வரவழைத்தார்கள். அந்த நிமிடம்தான் கஷ்டம். சூடு வைக்கும்போது நெஞ்சில் லேசான எரிச்சல், அவ்வளவுதான். திரும்ப வரவழைத்துப் பார்த்தார்கள், வரவில்லை. ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருந்ததுதான் பெரும்பாடு.

முதல் மாதம் அவ்வப்போது ஒரு துடிப்பு தவறும். இதோ ஆரம்பிக்கிறது என்று கை தானாகக் கழுத்துக்குப் போகும். ஆரம்பிக்கவில்லை. எட்டு மாதமாகிறது.