பேஸ்மென்ட் பட்டறை நாட்குறிப்பு: தோட்டா நிரப்பும் கருவிகளும் அவற்றின் அளவுகளும்

ஜனவரி 6, 2024

ஒஹையோவில் பனி மூடிக் கிடக்கிறது. சுடுதளம் திறக்க இன்னும் வாரங்கள் ஆகும். போன இலையுதிர் காலம் முழுக்கச் சுட்டுச் சேர்த்த பித்தளைக் கூடுகள் ஒரு துணிப்பை நிறைய இருக்கின்றன. எல்லாம் .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவின் கூடுகள், என் ஒரே போல்ட் ஆக்‌ஷன் (போல்ட் என்ற பூட்டுக்கம்பியை ஒவ்வொரு முறையும் கையால் திறந்து மூடும்) ரைஃபிளில் சுட்டவை. இந்தக் குளிர்காலத்தில் அவற்றில் வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்பிவிட வேண்டும்.

விலை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் வேறு. கடைத் தோட்டா எந்த ரைஃபிளிலும் நுழையும்படி செய்யப்பட்டது. எனக்கு வேண்டியது என் துப்பாக்கியின் அறைக்கு (தோட்டா உட்காரும் குழிக்கு) மட்டும் பொருந்தும் தோட்டா.

சட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இங்கே சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் 06 வகை உரிமம் வேண்டும். நான் நண்பர்களுக்குச் சும்மாகூடக் கொடுக்கப் போவதில்லை. அவர்கள் துப்பாக்கியின் அறை அளவு எனக்குத் தெரியாது.

ஜனவரி 7

பிரஸ், அதாவது கூட்டை டை என்ற அச்சுக்குள் அழுத்தும் நெம்புகோல் கருவி, வாங்கியாயிற்று. புதியது அல்ல. கிளப்பில் ஒரு பெரியவர், டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தன் பழைய ஆர்சிபிஎஸ் நிறுவனத்து 'ராக் சக்கர்' பிரஸ்ஸை விற்றார். வார்ப்பிரும்பு, மூடிய சட்டகம், ஒரு நேரத்தில் ஒரே டை போடும் வகை.

டில்லன் 550 என்ற வேகமான பிரஸ் வாங்கலாமா என்று ரொம்ப நாள் ஆசை இருந்தது. நான்கு படிகள் ஒரே நேரத்தில் நடக்கும் நான்கு நிலையங்கள், கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா முடிந்து விழும். கைத்துப்பாக்கிப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு அது இல்லாமல் கட்டுப்படியாகாது. எனக்கு வேகம் தேவையில்லை. ஒவ்வொரு கூட்டையும் ஒவ்வொரு படியிலும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் தேவை.

பழைய பிரஸ் வாங்குகிறவர்கள் ஒன்றைச் சோதியுங்கள். ராமை (கூட்டை மேலே தள்ளும் தண்டை) மேலே ஏற்றி, விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். இதில் துளி ஆட்டம் இல்லை. டைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை என்பது ஏறக்குறைய எல்லாருக்கும் பொது. லீ, ஹார்னடி, ரெடிங் என எந்த நிறுவனத்தது வாங்கினாலும் இதில் ஏறும்.

மிச்சமான பணத்தில் நல்ல காலிப்பர் (நுண் அளவுகோல்), கூட்டின் தோளை, அதாவது கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவை, அளக்கும் கம்பேரட்டர், சோதனை எடைக்கற்கள் வாங்கினேன். பிரஸ் வெறும் நெம்புகோல். துல்லியம் அளக்கும் கருவியில்தான் இருக்கிறது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஜனவரி 13

மேசையைச் சுவரின் மரச் சட்டங்களோடு போல்ட் போட்டு இறுக்கினேன். கூட்டை டைக்குள் ஏற்றும்போது மேசை அசைந்தால் கைக்கு எதுவும் புரியாது.

கூடுகளைக் கழுவும் முறையில் எனக்கும் மனைவிக்கும் பேச்சு வந்தது. சோளக்கட்டைத் தூளைப் போட்டு உலர்ந்த டிரம்மில் உருட்டுவது சுலபம்தான். ஆனால் சுட்ட ப்ரைமரின் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியின்) எச்சத்தில் ஈயம் இருக்கிறது. சலிக்கும்போது அந்தத் தூசி காற்றில் ஏறும். எங்கள் பாப்பாவுக்கு நான்கு வயது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல் வரம்பை இறக்கியிருக்கிறது.

"இங்க பாருங்க, கீழ போடுற செருப்பு படி ஏறக் கூடாது. கையை அங்கேயே சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றாள். முழுக்க நியாயம். ஸ்டெயின்லெஸ் ஊசிகளும் தண்ணீரும் போட்டு உருட்டும் முறைக்கு மாறிவிட்டேன். காயவைக்க ஒரு நாள் கூடுதலாகிறது, தூசி இல்லை. அழுக்குத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுவதில்லை.

ஜனவரி 20

இன்று முழுக்க ஒரே ஒரு டையோடு. எழுத நிறைய இருக்கிறது.

சுடும்போது கூடு ஊதி, துப்பாக்கி அறையின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. அதை மறுபடி சற்றே சுருக்கித் தருவது சைசிங் டை. எல்லாப் பெட்டியிலும் ஒரே அறிவுரைதான்: ராமை உச்சிக்கு ஏற்று, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையைத் திருகி இறக்கு, அதற்கு மேல் கால் சுற்று.

முதலில் சுட்ட கூடுகளை அளந்தேன். அடியிலிருந்து தோள் வரை 1.634 அங்குலம், எல்லாம் ஒன்றுபோல. பெட்டியில் சொன்னபடி டையை இறக்கி ஒன்றை அழுத்தி அளந்தால் 1.628. தோள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு பின்னால் போயிருக்கிறது. போல்ட் ஆக்‌ஷனுக்கு ஆயிரத்தில் இரண்டு போதும்.

இந்த ஆறுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த இடைவெளியை நிரப்பப் பித்தளை நீள்கிறது. நீள்வது அடிப்பகுதிக்குச் சற்று மேலே, ஒரே இடத்தில். சுவர் அங்கே மெலிந்துகொண்டே வந்து, ஒரு நாள் கூடு இரண்டாகப் பிளந்து உள்ளேயே நின்றுவிடும். பெரியவர் தன் பழைய கூடு ஒன்றைக் காட்டினார். வெளியே அடியைச் சுற்றி மெல்லிய பளபளப்பான வளையம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுக்கச் சொன்னார். கம்பி வழுவழுவென்று வந்து, ஒரு இடத்தில் 'டக்'கென்று பள்ளத்தில் மாட்டியது. இனி எந்தக் கூட்டையும் இந்தக் கம்பி போட்டுப் பார்க்காமல் எடுக்க மாட்டேன்.

சரி, கூடுதலாகப் போன அந்த நான்கைத் திரும்பப் பெற எவ்வளவு திருக வேண்டும்? அங்குலத்துக்கு 14 மரை என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 0.0714 அங்குலம். ஒரு பாகைக்கு ஆயிரத்தில் 0.2. அப்படியானால் நான்குக்கு 20 பாகை. டையை இறுக்கும் பூட்டு வளையத்திலும் பிரஸ்ஸிலும் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு டையைப் பின்னால் திருகினேன்.

கணக்கு அப்படியே பலிக்காது, இரும்பும் வளையும். டையை நிறையத் தள்ளி வைத்துப் பார்த்தபோது கூடு 1.636 காட்டியது, அதாவது சுட்டதைவிட நீளம். காரணம் இருக்கிறது. டை முதலில் உடம்பை நெருக்குகிறது. நெருங்கிய பித்தளை முன்னால் ஓடித் தோளைத் தள்ளுகிறது. அதற்குப் பிறகுதான் டையின் தோள் வந்து அதைப் பின்னுக்கு அழுத்துகிறது. பாதியில் நிறுத்திய கூட்டை ரைஃபிளில் போட்டால் போல்ட் முரண்டு பிடிக்கும், மூடாமலும் போகலாம். ஆகவே தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, 1.632-ல் நிறுத்தினேன்.

பூட்டு வளையத்தின் சின்னத் திருகுக்கு அடியில் ஒரு ஈயக் குருணை வைத்து இறுக்கினேன். மரை நசுங்காமல் பிடிக்கும். இனி டையைக் கழற்றி மாட்டினாலும் அதே இடத்துக்கு வரும்.

இன்னொன்று. கழுத்துள்ள ரைஃபிள் கூட்டுக்கு எண்ணெய் அவசியம். எண்ணெய் வேண்டாத கார்பைட் (கடின உலோக) டை கைத்துப்பாக்கியின் நேரான கூடுகளுக்குத்தான். எண்ணெய் குறைந்தால் கூடு டைக்குள் சிக்கும், கூடினால் தோளில் குழி விழும். விரல் நுனியில் மெழுகு பளபளக்கும் அளவு போதும்.

ஜனவரி 21

கூடுகளின் நீளம் வெட்டினேன். உச்ச வரம்பு 2.015 அங்குலம், எல்லாவற்றையும் 2.005-க்குக் கொண்டுவந்தேன். வாயின் உள்ளும் புறமும் பிசிறு எடுத்தேன். சலிப்பான வேலைதான், ஆனால் இதை விட்டால் வாய் அறையின் முனையில் முட்டி, குண்டை இறுக்கிப் பிடித்து, அழுத்தத்தை ஏற்றிவிடும்.

பிப்ரவரி 3

தராசு. இங்கே வெடிமருந்தை நிறுப்பது கிரெய்ன் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7000. ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு என்பது ஆறரை மில்லிகிராம்கூட இல்லை.

அந்த அளவில் வீடே தராசை ஆட்டுகிறது. ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் மேலே உள்ள காற்றுத் துளையிலிருந்து வரும் இளஞ்சூடு முள்ளை அசைத்தது. அட்டையால் துளையை மறைத்த பிறகுதான் முள் நின்றது. நான் நிறுக்கப் போகும் எடைக்குப் பக்கத்தில் உள்ள சோதனைக் கல்லை முதலில் வைத்துப் பார்க்கிறேன், நடுவிலும் கடைசியிலும் மறுபடி. டிஜிட்டல் தராசும் வைத்திருக்கிறேன், இரண்டும் ஒத்துப்போனால்தான் வேலை தொடரும்.

என் மருந்து குச்சிகுச்சியாக இருக்கும் வகை. அளவைக் குடுவையின் உருளையைத் திருப்பும்போது ஒரு குச்சி விளிம்பில் மாட்டி 'நறுக்'கென்று அறுபடும். அப்போது அந்த அளவு சரியாக விழாது. அதனால் கொஞ்சம் குறைவாகக் கொட்டி, மிச்சத்தைத் தராசுத் தட்டில் மணி மணியாகச் சேர்க்கிறேன். எத்தனை கிரெய்ன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது உற்பத்தியாளரின் கையேட்டில், அந்தக் குண்டுக்கும் அந்த மருந்துக்கும் உரிய வரியில் பார்க்க வேண்டிய எண். தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பிப்ரவரி 4

ப்ரைமர்களைக் கையால் அழுத்தும் கருவியில் ஏற்றினேன். அடியோடு சமமாக அல்ல, துளி உள்ளே இறங்கியிருக்க வேண்டும். விரலால் தடவினாலே தெரியும். பெரிய ரைஃபிள் ப்ரைமரும் பெரிய கைத்துப்பாக்கி ப்ரைமரும் ஒரே விட்டம், உயரம் மட்டும் வேறு. பெட்டியைப் படிக்காமல் எடுக்கக் கூடாது.

மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. மற்றவை அலமாரியில், அதனதன் சொந்தக் கொள்கலனில். கூடுகளைத் துளைப்பலகையில் வரிசையாக நிறுத்தி, மருந்து போட்டதும் டார்ச் அடித்து எல்லா வாயையும் எட்டிப் பார்த்தேன். மட்டம் ஒன்றுபோல இருந்தது. குண்டு வைக்கும் டையில் வாயைக் குண்டின் மேல் மடக்கும் கிரிம்ப் பகுதி தொடாதபடி உடலை ஒரு சுற்று மேலே ஏற்றிவிட்டு, மேல் திருகால் மட்டும் ஆழத்தைப் பிடித்தேன். முழு நீளம் 2.800 அங்குலத்தைத் தாண்டவில்லை, மேகசினில் தடையில்லாமல் இறங்குகிறது.

பிப்ரவரி 25

சுடுதளத்தில் பனியை ஒதுக்கியிருந்தார்கள். தொடக்க அளவு மட்டும் சுட்டேன். போல்ட் வெண்ணெயாக மூடியது. 100 கஜத்தில் ஐந்து குண்டுகளும் ஒரு அங்குலத்துக்குள்.

அதைவிட எனக்குச் சந்தோஷம் தந்தது வீட்டுக்கு வந்து அளந்ததுதான். மறுபடி 1.634. பித்தளை ஆயிரத்தில் இரண்டுக்கு மேல் நகரவில்லை. கம்பி எங்கேயும் மாட்டவில்லை.

பெட்டியில் ஒட்டிய சீட்டு: மருந்தின் பெயரும் தயாரிப்புத் தொகுதி எண்ணும், ப்ரைமர், குண்டு, தோள் 1.632, இரண்டாம் நிரப்பல், வெளி வெப்பம் 2 டிகிரி செல்சியஸ். வெயிலில் அழுத்தம் ஏறும் மருந்து இது. அடுத்த படி அளவைக் குளிரில் சோதித்து முடிவு கட்டினால் ஜூலையில் அது செல்லாது. மே வரை இதே அளவில் நிற்கப் போகிறேன்.