ப்ளூம் தெருவில் கேட்ட மானன்பெர்க்

கேப் டவுன் போகிற எல்லாரும் டேபிள் மலை ஏறுவார்கள், நானும் ஏறினேன், அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு மனதில் தங்கிவிட்டது ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்துக்குள் இருக்கும் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம்தான். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்பது அந்த நகரத்தின் ஒரு பழைய குடியிருப்புப் பகுதி.

உள்ளே போனதும் தரையில் அந்தப் பகுதியின் பெரிய வரைபடம். ஒரு காலத்தில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் குடியிருந்தவர்கள் வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் தாங்களே பெயர் எழுதியிருக்கிறார்கள். அதன் மேல் செருப்புக் காலோடு நடக்கவே எனக்குக் கூசியது. 1966-ல் நிறவெறி அரசு அந்தப் பகுதி இனி வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, அடுத்தடுத்த வருடங்களில் 60,000 பேருக்கு மேல் வெளியேற்றி, வீடுகளைப் புல்டோசர் விட்டு இடித்தது. அந்த மக்களை கேப் ஃப்ளாட்ஸ் என்கிற மணல்வெளியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே உருவான குடியிருப்புகளில் ஒன்று மானன்பெர்க்.

1974-ல் கேப் டவுனில் பதிவு செய்த ஜாஸ் இசைக்கு, தென்னாப்பிரிக்கப் பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிம் அந்த ஊரின் பெயரையே வைத்தார். இழந்த ஊரை நினைத்துப் புலம்பாமல், துரத்தப்பட்டவர்கள் இப்போது வாழும் இடத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே, அதுதான் எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. சாக்ஸஃபோன் வாசித்த பேசில் கூட்சியா டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் பிறந்தவர். பியானோவின் சுத்தியல்களில் சிறு ஆணிகள் குத்தியிருந்ததால் ஒலியில் ஒரு தகர நெடி இருக்கும். 13 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, ஒரு இடத்திலும் அவசரம் இல்லை, மாராபி என்கிற தென்னாப்பிரிக்க நகர்ப்புற நடன இசையும் தேவாலய இசையும் கலந்து, சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். கோஷம் எதுவும் கிடையாது. ஆனாலும் 1980-களில் நிறவெறி எதிர்ப்புக் கூட்டங்களில் கூட்சியாவும் ராபி ஜான்சனும் அதை வாசித்தார்கள், மக்கள் அதைத் தங்கள் தேசிய கீதமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் ப்ளூம் தெருவுக்கு நடந்தேன். பதிவு நடந்த இடத்தின் சுவரில் எஃகுக் குழாய்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள், குச்சியால் இழுத்தால் அந்த இசையின் தொடக்க ஸ்வரங்கள் வரும். குச்சி இல்லாததால் பேனாவால் இழுத்தேன், வேகமாக இழுத்துவிட்டேன் போல, வெறும் சத்தம்தான் வந்தது. மறுபடி, நிதானமாக, ஒவ்வொரு குழாயிலும் கொஞ்சம் நின்று நின்று இழுத்தேன். வந்தது.