அனுதாபத்தோடு நீட்டும் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்

திட்டி வெளியே போகச் சொன்னால் நாமும் எதிர்த்து நிற்போம். “தங்கச்சி, வீட்ல இருந்து உடம்பப் பாருங்க, சுகமானதும் வாங்க, வேல எங்க ஓடிரப் போகுது” என்று சொல்லிக்கொண்டே வேலையை விட்டு விலகும் கடிதத்தையும் பேனாவையும் நீட்டினால்தான் கை தானாகப் போய்விடும். எனக்கும் அப்படித்தான் நீட்டினார்கள்.

எனக்கு மார்பகப் புற்றுநோய். ஹட்டன் பக்கம் ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில் எட்டு வருடமாக வேலை. பயொப்சி, ஒப்பரேஷன், மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன். மலையிலிருந்து போகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: கொழும்பு வரை போய்த் திரும்பி வராதீர்கள். அவிசாவளையில் இறங்கி ஹைலெவல் வீதி பஸ்ஸில் ஏறினால் ஹோமாகம தாண்டி மஹரகம வந்துவிடும். கீமோ முடிந்து கித்துல்கல வளைவுகளில் ஏறி வரும்போது கையில் ஒரு பொலித்தீன் பையும் இருக்கட்டும்.

கஷ்டம் ஒபிசில்தான். முதல் கீமோ முடிந்து வேலைக்குப் போன அன்று என் பிளேன்டீ கப்பின் அடியில் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தது. மாறிவிடக்கூடாதாம். புற்றுநோய் தொற்றாது என்று சொல்லிப் பார்த்தேன், தலையாட்டினார்கள், புள்ளி அப்படியே இருந்தது. கீமோவால் எதிர்ப்புச் சக்தி குறைந்து கிடந்தவள் நான், பக்கத்து மேசையில் நாள் முழுக்க இருமிக்கொண்டிருந்தவருக்கு ஒரு புள்ளியும் இல்லை! முடி கொட்டித் தலையில் துணி கட்டியதும் மெனேஜர் என்னைக் கவுன்டரிலிருந்து பின்னால் பைல் அறைக்கு மாற்றினார். கஸ்டமர் பார்த்தால் மனது சங்கடப்படுமாம்.

சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் கெஷுவல். அதெல்லாம் சீக்கிரமே கரைந்து நோ பேயில், அதாவது சம்பளமில்லாத லீவில், ஓடியது. அப்போதுதான் தலைமை ஒபிசிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் ஒரே பந்தி, “சொந்த விருப்பத்தின் பேரில், உடல்நிலை காரணமாக” விலகுகிறேன் என்று. கையெழுத்து வைத்தால் பணிக்கொடையை உடனே தருவார்களாம், மனிதாபிமான அடிப்படையில்! 5 வருடம் வேலை செய்து விலகுகிற யாருக்கும், 15 பேருக்குக் குறையாத நிறுவனம் என்றால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டமே கொடுக்கிறது, அதையும் 30 நாளுக்குள் கட்ட வேண்டும். என் காசைத்தான் எனக்கு இனாமாகக் காட்டினார்கள். வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பிரதிதான் பிறகு எனக்குக் கைகொடுத்தது.

தொழில் அலுவலகத்துக்கு முதலில் போன நாள் வீண். பொறுப்பான அதிகாரி தோட்டமொன்றுக்குப் பரிசோதனைக்குப் போயிருந்தார். அடுத்த முறை ஆள் இருந்தார், நியமனக் கடிதம் கேட்டார். எங்கள் கம்பனி அப்படி ஒன்றைத் தந்ததே இல்லை. கவுன்டரில் இருந்த பையன் “கடிதம் இல்லாட்டி ஒண்டும் செய்ய ஏலாது அக்கா” என்று பைலை மூடப் போனான். சம்பளச் சிட்டைகளையும், மத்திய வங்கி அனுப்பும் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கூற்றையும் எடுத்து வைத்தேன். அதில் கம்பனியின் பெயரும் மாதாமாதம் கட்டிய பணமும் இருக்கிறதே. அதிகாரி வாங்கிப் பார்த்து, இதுவே போதும் என்றார்.

அவர் சொன்னதைக் கவனமாக வாசியுங்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்களை வைத்திருக்கும் தொழில்தருநர், 12 மாதத்தில் 180 நாளுக்குக் குறையாமல் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் ஒன்று அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். ஆணையாளரிடம் போகாமல் தப்பத்தான் என் கையெழுத்துக்கு இத்தனை அன்பு. “நம்ம கிளையில ஏழு பேர்தானே, அந்தச் சட்டம் நமக்கு வராது” என்று மெனேஜர் சொல்லியிருந்தார். எண்ணுவது கிளையை இல்லை, முழுக் கம்பனியையும்.

இன்னொன்று, இது முக்கியம். லீவு முடிந்ததும் பேசாமல் வீட்டில் இருந்துவிடாதீர்கள், வேலையைக் கைவிட்டுப் போனதாக எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னாலேயே மெடிக்கல் சான்றிதழை இணைத்து லீவுக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். வட்ஸ்அப்பில் மெனேஜர் போடும் ‘ஓகே’யை மட்டும் நம்பி இருக்காதீர்கள். டயக்னோசிஸ் கார்டையும் போட்டோ கொப்பி எடுத்தே கொடுங்கள், மூலப்பிரதி உங்கள் கையைவிட்டுப் போகக்கூடாது.

விசாரணைக்கு இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள். தலைமை ஒபிசிலிருந்து வந்தவர், அது சும்மா ஒரு யோசனைதான், யாரும் வற்புறுத்தவில்லை என்றார். சரி, அப்படியென்றால் நான் தொடர்ந்து ஊழியர்தான், சிகிச்சை நாட்கள் நோ பே லீவு என்று எழுதித் தாருங்கள் என்றேன். கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்கள். அன்று பஸ் ஸ்டாண்டில் இரண்டு வடை வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன், பல நாளைக்குப் பிறகு வாயில் உப்பு உறைப்புத் தெரிந்தது.

இப்போது கவுன்டருக்குத் திரும்பிவிட்டேன், கப்பை வீட்டிலிருந்தே கொண்டு போகிறேன். இந்த வருடச் சம்பள உயர்வு மட்டும் எல்லாருக்கும் வந்து எனக்கு வரவில்லை. காரணம் கேட்டு எழுதிய கடிதம் போன கிழமை பதிவுத் தபாலில் போயிருக்கிறது.