எத்தனை வருடமாக பிரஷர்?

மார்ச் 4, செவ்வாய்

பிரஷர் ஏறி மூளையில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் அண்ணன் கண் திறந்தார். வலது கை இன்னும் அசையவில்லை.

மார்ச் 5, புதன்

"எத்தனை வருடமாக பிரஷர்?" வருகிற டாக்டர் எல்லாம் இதையே கேட்கிறார்கள். "அவருக்கு அப்படி ஒன்றும் கிடையாதுங்க" என்று அண்ணியும் அதே பதிலைச் சொல்கிறார். கொண்டுவந்து சேர்த்தபோது 230/130.

இன்று எக்கோ, அதாவது இதயத்துக்கு ஸ்கேன், எடுத்தார்கள். இதயத்தின் இடப்பக்கச் சுவர் தடித்திருக்கிறதாம். ஏறிய அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி அந்தத் தசை பருத்துவிட்டது, இது ஒரு ராத்திரியில் வருவதில்லை, வருடக்கணக்கு என்றார் டாக்டர். அப்படியென்றால் தறிக்கொட்டகையில் இரவு ஷிப்ட் பார்த்தபோதும், பண்டிகைக்குத் தீர்த்தக்குடம் தூக்கியபோதும் இருந்திருக்கிறது. ஒரு தலைவலி என்று கூடப் படுத்ததில்லை. 46 வயது.

மார்ச் 6, வியாழன்

உப்பு ஆகாது என்று அம்மா ஊறுகாய் ஜாடியைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டார். நல்ல நாரத்தங்காய்.

மார்ச் 8, சனி

என் வீட்டுக்காரர் போன் செய்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி இன்னும் மத்தியப் பிரதேசத்தில்தான். மழைக்கு முன் முடிக்க வேண்டிய குழிகள் பாக்கி. "மச்சானுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். சொன்னேன். நீங்கள் ஒருமுறை பிரஷர் பாருங்கள் என்றேன். "எனக்கென்ன, கல் மாதிரி இருக்கிறேன்" என்றார்.

கல் மாதிரிதான் அண்ணனும் இருந்தார்.

ராத்திரி தூக்கமில்லை. ரிக்கில் என்ன சாப்பிடுகிறார்கள்? சோறு, அப்பளம், ஊறுகாய். போதாததற்கு உடம்பு வலி என்று தினமும் கடையில் வாங்கிப் போடும் அந்த மாத்திரை. அண்ணனின் சட்டைப்பையிலும் அதே அட்டை இருந்தது, நான்கு மட்டும் மிச்சம். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வகை வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பிலேயே தேக்கிவைக்கும், பிரஷரை ஏற்றும் என்றார்.

மார்ச் 10, திங்கள்

துணி எடுக்க வீட்டுக்கு வந்த நேரத்தில், மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் அக்கா வந்தார். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தார், பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தார், எனக்கும் பார்த்தார். 118/76. அண்ணனைப் பற்றிச் சொன்னதும் நோட்டைப் புரட்டிக் காட்டினார். அம்மா பெயருக்கு நேரே வரிசையாக எண்கள். அண்ணன் பெயருக்கு நேரே "ஆள் இல்லை". அதற்கு முந்தைய பக்கத்திலும் "ஆள் இல்லை". அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வருவது காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் எந்த வீட்டில் ஆண் இருக்கிறான்? வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்க்கும் திட்டமும் வந்திருக்கிறது என்றார். ஆறு தறி ஓடும் தகரக் கொட்டகைக்கு அது எப்போது வரும் என்று கேட்டேன். சிரித்தார்.

மார்ச் 11, செவ்வாய்

அண்ணன் மகள் நர்சிங் படிப்பதால் இந்த வராந்தாவே அவளுக்கு வகுப்பறையாகிவிட்டது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் மூளையில் ரத்தக்கசிவால்தான் போனாராம், 1945 ஏப்ரல் 12. அன்று அவருக்கு 300/190. "அவருக்கு ஏறியிருப்பது தெரியும் அத்தை, இறக்கத்தான் அன்றைக்குச் சரியான மருந்து இல்லை. இன்றைக்கு மருந்து இருக்கிறது, பாதிப் பேருக்கு ஏறியிருப்பதே தெரியாது." உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் வருடக் கணக்கையும் சொன்னாள்: 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு இது இருந்தது, அதில் 46 சதவீதம் பேர் அறியாதவர்கள். சொல்லிவிட்டு அழுதாள். டீ வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 12, புதன்

வாழைத்தண்டுச் சாறு குடித்தாலே போதுமாம். பக்கத்துப் படுக்கைக்காரரின் மைத்துனர் சொன்னார். உங்களுக்கு பிரஷர் எவ்வளவு என்று கேட்டேன். பார்த்ததே இல்லையாம்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு பிள்ளை பெற்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதமெல்லாம் எடை, பிரஷர். கேட்டுக்கொண்டா கட்டினார்கள்? உட்கார்ந்ததும் கையை நீட்டச் சொல்வார்கள். ஆண்களின் கையில் அந்தப் பட்டையைக் கட்ட எந்தச் சாக்கு இருக்கிறது? லாரி லைசென்ஸுக்கு டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள், அண்ணன் வாங்கினார். பட்டையைக் கட்டாமலே கையெழுத்து போட்டுக் கொடுத்தார்களாம். இதை அண்ணி இப்போதுதான் சொல்கிறார், அதுவும் சிரித்துக்கொண்டே.

மார்ச் 15, சனி

"தண்ணி" என்றார் அண்ணன். தெளிவாக.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக்காரர் பிரஷர் பார்த்துவிட்டார். நான் நச்சரித்ததற்காக இல்லை, வண்டியில் கூட இருக்கும் பையன் பந்தயம் கட்டினானாம். 168/106. டீ குடித்துவிட்டு வெயிலில் நடந்து போனதால்தான் என்கிறார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். டீ வேண்டாம், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், பேசாதீர்கள், கையை மேசைமேல் வையுங்கள், பிறகு பாருங்கள் என்றேன். "பேசாமலா?" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

162/104. டீ இல்லாமல், பேசாமல்.

அங்கே டாக்டர் பிரஷருக்கு அம்லோடிபின் மாத்திரை 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார், மாத்திரை வாங்கவில்லை. ஆரம்பித்தால் நிறுத்த முடியாதாம். சோறு தின்ன ஆரம்பித்ததையும்தான் இதுவரை நிறுத்தவில்லை என்றேன். கோபம், போனை வைத்துவிட்டார். வண்டியில் இருக்கும் அந்தப் பையனின் நம்பரை வாங்கியிருக்கிறேன். மாத்திரை வாங்க அவனுக்குப் பணம் அனுப்பப் போகிறேன்.