எழுத்துக்கு இவ்வளவு

பெரியவர் சொன்னது ஒரே ஒரு விஷயம், அத நான் செய்யல. காதுல வாங்கிக்கிட்டேன், "சரிங்கய்யா"ன்னு தலையும் ஆட்டினேன். ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இன்னும் காசிமேடு கல்லறைக்கு கல் நிறுத்தப் போனா அந்த வரிசைய விட்டு சுத்திதான் போறேன்.

தன் கல்லுக்கு தானே ஆர்டர் குடுக்க ஒண்ணு ரெண்டு பேர் வர்றது உண்டு. இவர் வந்து ஸ்டூல்ல உக்காந்து, "பேர் வேணாம் தம்பி, லூக்கா 10:20ன்னு மட்டும் வெட்டிடு"ன்னாரு. தேதியாவது போடலாங்கய்யான்னேன். "அது தெரியவேண்டியவருக்கு தெரியும்"னு சொல்லிட்டு 500 ரூபா அட்வான்ஸ் வச்சாரு. பேய்ங்ககூட எங்களுக்கு அடங்குதுன்னு சந்தோஷமா திரும்பி வந்த சீஷருங்ககிட்ட, அதுக்காக சந்தோஷப்படாதீங்க, உங்க பேரு பரலோகத்துல எழுதியிருக்கே அதுக்கு சந்தோஷப்படுங்கன்னு இயேசு சொன்ன இடம் அது. நானும் நோட்டுல 'லூக்கா 10:20, அட்வான்ஸ் 500'ன்னு மட்டும்தான் எழுதினேன், பேர் கேக்கவே மறந்துட்டேன்.

பொங்கல் முடிஞ்சு தவறிட்டாரு. பையன் வந்தான், கையில ஏ4 பேப்பர். பேரு, டிகிரி, சபை கமிட்டி முன்னாள் செயலாளர், சமூக சேவகர், நடுவுல போட்டோ, கீழ பேரப்பசங்க பேரு வரைக்கும். நான் நேரா சொல்லியிருக்கணும். சொல்லாம, "அப்பா எதுனா சொல்லியிருந்தாராப்பா?"ன்னு சுத்தி வளைச்சு கேட்டேன். அவன், "அவருக்கு இன்னாண்ணா தெரியும், தனக்குன்னு எதையும் கேக்கவே மாட்டாரு, நாமதான செய்யணும்"னான். கண்ணு கலங்கியிருந்துது. அந்த இடத்துல வாய மூடினவன்தான் நான்.

பாவமா இருந்துது அதான் சொல்லலன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா எங்க தொழில்ல எழுத்துக்கு இவ்வளவுன்னுதான் ரேட்டு. கொம்பையும் காலையும் தனித்தனியா எண்ணி காசு வாங்குற ஆளுங்க இருக்காங்க, நான் அப்படி எண்ண மாட்டேன், அந்த அளவுக்கு யோக்கியன்தான். பெரியவர் கேட்டது நம்பரையும் சேத்து ஏழு எழுத்து, பையன் கொண்டாந்தது நூத்துக்கும் மேல. மனசு எந்தப் பக்கம் சாஞ்சுதுன்னு சத்தியமா எனக்கே தெரியல. கடைசியில பில்லுல 500 கழிச்சேன், டிஸ்கவுண்ட்டுன்னு. அவன் தேங்க்ஸ்ணான்னான், அது இன்னும் உறுத்துது.

வேற மாதிரியும் யோசிப்பேன். பேரே இல்லாத கல்லுன்னா போறவன் வர்றவன் எல்லாம் நின்னு இது யாருதுன்னு கேப்பான்ல, அதுவும் ஒரு பேருதான? தாழ்மைக்குள்ளயும் ஒரு பெருமை ஒளிஞ்சிருக்கலாம். (செத்தவர இப்படி பேசக்கூடாதுதான்.) பைபிள்ல அப்சலோம் என் பேர் சொல்ல பிள்ளை இல்லன்னு உயிரோட இருக்கும்போதே தனக்கு ஒரு தூண் நிறுத்தினான். ஆனா அவன் செத்தப்போ காட்டுல ஒரு பெரிய குழியில போட்டு மேல கல்லக் குவிச்சுட்டாங்க, தூண் ஒரு பக்கம் ஆளு ஒரு பக்கம். நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலயும் அதே கதைதான். 1758-59 முற்றுகையில பிரெஞ்சுக்காரங்க பழைய இங்கிலீஷ் கல்லறைங்களுக்குப் பின்னாடி மறைஞ்சு நின்னு சண்ட போட்டாங்கன்னு, அப்புறம் அந்தக் கல்லுங்கள பேத்து செயின்ட் மேரீஸ் சர்ச்ச சுத்தி தரையில பதிச்சுட்டாங்க. எலும்பெல்லாம் இப்போ ஐகோர்ட் இருக்கிற, முன்னாடி லா காலேஜ் இருந்த பக்கம், பேரெல்லாம் கோட்டைக்குள்ள. ஒருநாள் போய் அந்த எழுத்த தடவிப் பாத்தேன், வெட்டு ஆழமாதான் இருக்கு, ஆனா ஜனங்க மேல மிதிச்சுக்கிட்டுதான் போறாங்க. பெரியவருக்கு இது தெரிஞ்சிருந்தா சிரிச்சிருப்பாருன்னு தோணுச்சு, உடனே அது நான் தப்பிச்சுக்க சொல்ற சாக்குன்னும் தோணுச்சு.

போன கல்லறைத் திருநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி பையன் போன் பண்ணான். உப்புக்காத்துல கோல்டு பெயிண்ட் உதிருது, வந்து பாருங்கண்ணா. அந்தத் தடவ சுத்திப் போக முடியல. பெயிண்டும் ரெண்டாம் நம்பர் பிரஷ்ஷும் எடுத்துட்டுப் போய் குந்தினேன். மெய்யெழுத்து புள்ளிங்கதான் மொதல்ல போகும், குழி சின்னது, பெயிண்ட் பிடிக்காது. 'செயலாளர்'ல ர் மேல இருந்த புள்ளி சுத்தமா இல்ல. பேரன், ஆறு வயசு இருக்கும், பக்கத்துல நின்னு விரல வச்சு தாத்தா பேர எழுத்துக்கூட்டிப் படிச்சான், தப்பில்லாம. அடுத்த வரியில தடுமாறி என்னப் பாத்து, "செயலாளர்னா இன்னா அங்கிள்?"னான்.

"கை படப்போவுது, தள்ளி நில்லு"ன்னு சொல்லிட்டு புள்ளிய வச்சேன்.